மைக் இல்லாத காலத்து ‘வீரமுரசு’: சுப்பிரமணிய சிவாவின் குரல் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் இருக்கும் பேரூர், பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தன் கடைசி ஆண்டுகளில் மனதை வைத்த ஊர் இது. 1925-ல் அவர் உயிர் பிரிந்ததும் இங்கேதான். அவருக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் வ.உ.சி., பாரதியார் பெயர்களோடு மூன்றாவதாக வரும் பெயர் என்பதைத் தாண்டி, இவரைப் பற்றிப் பலருக்கும் அதிகம் தெரியாது.

சிவாவுக்கு மக்கள் வைத்த அடைமொழி வீரமுரசு. கப்பல் ஓட்டியவர் வ.உ.சி., பாட்டு எழுதியவர் பாரதி என்றால், சிவாவின் ஆயுதம் குரல். 1908-ல் அவர் பேசிய பேச்சுக்குத்தான் 10 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அந்தக் குரலுக்கு மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, ரெக்கார்டிங் கிடையாது. அப்படியானால் ஆயிரக்கணக்கான பேருக்கு அது எப்படிக் கேட்டது? அரசு அதை எப்படிப் பதிவு செய்தது? பிறகு எப்படியெல்லாம் அந்தக் குரலை மியூட் பண்ணப் பார்த்தது?

தினமும் வீடியோ காலில், நான் பேசுறது கேக்குதா என்று கேட்டபடியே வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு இந்த வாழ்க்கை கொஞ்சம் நெருக்கமாகவே இருக்கும்.

யார் இந்த சிவா?

1884 அக்டோபர் 4 அன்று வத்தலக்குண்டில் பிறந்தவர் சிவா. அன்று மதுரை மாவட்டம். இன்று திண்டுக்கல் மாவட்டம். குடும்பம் வசதியானது அல்ல. மதுரை, திருவனந்தபுரம், கோவை என்று படிப்பு ஊர் ஊராக மாறியது. படிப்பு முழுமையாகவில்லை, கிடைத்த சின்ன வேலைகளும் நிலைக்கவில்லை.

அவருக்கு நிலைத்தது ஒன்றுதான்: பேச்சு. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைச் சேர்த்து தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கி, நாட்டு விடுதலை பற்றிப் பேச ஆரம்பித்தார். 1905-ல் வங்கப் பிரிவினைக்கு எதிராகக் கிளம்பிய சுதேசி அலை தெற்கே பரவிக்கொண்டிருந்த நேரம் அது. சமஸ்தானத்துக்கு அவர் பேச்சு பிடிக்கவில்லை. 1907-ல் திருவிதாங்கூரை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே வ.உ.சிதம்பரம் பிள்ளை இருந்தார்.

வ.உ.சி. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஊரில் மதிப்பும் செல்வாக்கும் இருந்தன. சிவாவுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. ஆனால் கூட்டத்தைக் கட்டிப்போடும் குரல் இருந்தது. இருவரும் சேர்ந்தார்கள். சிவாவைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார் வ.உ.சி. பின்னாளில் நீதிமன்றத்தில் இதுவே வ.உ.சி. மீது தனிக் குற்றச்சாட்டாக ஆனது.

1908: தூத்துக்குடி கடற்கரையில் என்ன நடந்தது?

1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடியில் கிட்டத்தட்ட தினமும் பொதுக்கூட்டம். பெரும்பாலும் மாலை நேரம், கடற்கரை மணல்.

இதில் புதுசு என்ன என்று கேட்கலாம். அதுவரை காங்கிரஸ் அரசியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது; மண்டபத்துக்குள், படித்தவர்கள் படித்தவர்களிடம் பேசிக்கொண்டார்கள். சுதேசி இயக்கம் அதை வெட்டவெளிக்குக் கொண்டுவந்தது. சிவாவும் வ.உ.சி.யும் தமிழில் பேசினார்கள். மில் தொழிலாளி, வண்டிக்காரர், கடைக்காரர், படகுக்காரர் எல்லோரும் கேட்டார்கள். குரல் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் மொழி புரியவில்லை என்றால் அது வெறும் சத்தம்தான். அந்த வகையில், சிவா மாற்றிய முதல் செட்டிங் மொழி.

அதன் பலன் உடனே தெரிந்தது. பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மில் ஏ & எஃப் ஹார்வி நிறுவனத்துடையது. நீண்ட வேலைநேரம், குறைந்த கூலி, வார விடுமுறை இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை விட்டு வெளியே நின்றார்கள். மாலைக் கூட்டங்களில் சிவாவும் வ.உ.சி.யும் அவர்களுக்காகப் பேசினார்கள். ஊரில் நிதி திரட்டினார்கள். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. சங்கம் என்ற அமைப்பே பரவலாக இல்லாத காலத்தில் தொழிலாளர்கள் அடைந்த வெற்றி இது.

மைக் இல்லாமல் எப்படிக் கேட்டது?

இங்கே கொஞ்சம் ஒலியின் கணக்கைப் பார்க்கலாம். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆனால் ஒலி அளவு சுமார் 6 டெசிபல் குறையும். சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 60 டெசிபல். 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48, 8 மீட்டரில் 42, 16 மீட்டரில் 36. அதற்குள் அலைச் சத்தமும் கூட்டத்தின் சலசலப்பும் அதை மூடிவிடும்.

தொண்டை திறந்து பேசும் மேடைக் குரல் ஒரு மீட்டரில் 80 டெசிபலைத் தாண்டும். அதுவும் 64 மீட்டர் தூரத்தில் 44-க்கு வந்துவிடும். கூட்டம் அமைதியாக இருந்தால் கேட்கும். பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்தால் கேக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆ, ஓ போன்ற உயிரொலிகளுக்கு வலு அதிகம். க், ச், ட், ப் போன்ற மெய்யொலிகள் மெலிசானவை, சட்டென்று முடிந்துவிடுபவை. தூரம் கூடக் கூட முதலில் காணாமல் போவது இவைதான். வார்த்தையை வார்த்தையாக அடையாளம் காட்டுவதும் இவைதான். அதனால்தான் தூரத்து மேடைப் பேச்சு, குரல் கேட்டும் சொல் புரியாமல் போகிறது. மைக் இல்லாத காலப் பேச்சாளர்கள் நிறுத்தி, நீட்டி, ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்குக் காரணம் வெறும் ஸ்டைல் அல்ல. ஒருமுறை தவறவிட்டது அடுத்த முறை காதில் விழ வேண்டும்.

நாடகக் கொட்டகையிலும் இதே கதை. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதால் நடிகர்கள் உச்ச ஸ்ருதியில் பாடினார்கள். எஸ்.ஜி.கிட்டப்பாவின் புகழே அந்த உச்சஸ்தாயிதான். மனிதக் காது உயர்ந்த ஒலிகளைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

நேரமும் இடமும்கூட உதவும். மாலையில் மணல் குளிரும்போது தரையை ஒட்டிய காற்றும் குளிரும். அப்போது ஒலி மேலே போய்விடாமல் தரைப் பக்கம் வளைந்து, கூடுதல் தூரம் போகும். காற்று வீசும் திசையில் நிற்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும். எதிர்த் திசையில் நிற்பவர்களுக்குக் கேட்காது. மேடை எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதே ஒரு கணக்கு.

அதிகபட்சம் எத்தனை பேருக்குக் கேட்கும்? அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார். 1739-ல் பிலடெல்பியாவில் ஜார்ஜ் வைட்ஃபீல்ட் என்ற மதபோதகர் தெருவில் பேசியபோது, குரல் மங்கும் இடம்வரை பிராங்க்ளின் பின்னால் நடந்துபோனார். அந்தத் தூரத்தை அரைவட்டமாக வைத்து, ஒருவருக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கிட்டு, 30,000 பேருக்கு மேல் கேட்க முடியும் என்ற முடிவுக்கு வந்தார். அதுவும் அசாதாரணக் குரல், அமைதியான கூட்டம் என்றால் மட்டும்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. குரலை 6 டெசிபல் உயர்த்த தொண்டை நிறைய உழைக்க வேண்டும். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் அதே 6 டெசிபல் சும்மா கிடைக்கும். கத்துவதைவிடக் கிட்டே போவது எப்போதும் சுலபம். சிவாவின் மீதி வாழ்க்கை முழுக்க இந்தக் கிட்டே போகும் முயற்சிதான்.

ரெக்கார்டிங் இல்லை; அப்புறம் வழக்கு எப்படி?

1908 மார்ச் 9 அன்று வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட ஏற்பாடு நடந்தது. மாவட்ட நிர்வாகம் தடுத்தது. மார்ச் 12 அன்று திருநெல்வேலியில் சிவா, வ.உ.சி., பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள்.

சிவா மீது ராஜ துரோக வழக்கு. குற்றம், பேச்சு. சாட்சியம், கூட்டங்களுக்கு வந்த காவல்துறையினர் எடுத்த குறிப்புகள். ஒருவகையில் அரசின் மைக் இதுதான்: கூட்டத்தில் உட்கார்ந்து எழுதும் ஒரு போலீஸ்காரர்.

இந்த மைக்கின் தரத்தை யோசித்துப் பாருங்கள். ஒருவர் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் சாதாரணமாகப் பேசுவார். கையால் எழுதுகிறவர் அதில் கால் பங்கைப் பிடித்தாலே பெரிது. மீதியை நினைவிலிருந்து நிரப்ப வேண்டும். பிறகு அது நீதிமன்றத்துக்காக ஆங்கிலத்துக்குப் போகும். பேசியவரின் தொனி, கிண்டல், இடைவெளி எதுவும் தாளில் வராது. எழுதுகிறவர் எதை முக்கியம் என்று நினைத்தாரோ அதுவே பேச்சு ஆகிவிடும்.

அந்தத் தாள்களின் பலத்தில் வழக்கு நடந்தது. 1908 ஜூலை 7 அன்று கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். சிவாவுக்கு 10 ஆண்டு நாடுகடத்தல். வ.உ.சி.க்கு ராஜ துரோகத்துக்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்தது. சிவாவுக்கு 6 ஆண்டு ஆனது. அப்போது அவருக்கு வயது 24.

அவர்மீது பாய்ந்த சட்டப்பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஏ. சுதந்திரத்துக்குப் பிறகும் அது நீடித்தது. 2022-ல்தான் உச்ச நீதிமன்றம் அதன் கீழான நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கே பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது.

சிறையும் நோயும்

திருச்சி, சேலம் சிறைகளில் சிவாவின் தண்டனைக்காலம் கழிந்தது. அரசியல் கைதி என்ற சலுகை எதுவும் இல்லை, கடின வேலை. உள்ளே போகும்போது உடல் வலுவாக இருந்த இளைஞர். 1912 நவம்பரில் வெளியே வரும்போது தொழுநோயாளி.

தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதல்ல, நெருக்கமான, நீண்டகாலத் தொடர்பில் பரவக்கூடியது. உடலுக்குள் போன பிறகு அறிகுறி தெரியவே ஆண்டுக்கணக்கில் ஆகும். இன்றைக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையில் முழுசாகக் குணமாகிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது 1981-ல்தான். சிவாவின் காலத்தில் நோயை நிறுத்தும் மருந்து கிடையாது. நரம்பு மரத்துப்போகும், புண் ஆறாது, பார்க்கிறவர்கள் விலகுவார்கள்.

பொதுக்கூட்டப் பேச்சாளருக்கு இதைவிடக் கொடுமையான நோய் இருக்க முடியுமா? கிட்டே போக வேண்டியவரைக் கண்டு மற்றவர்கள் தள்ளிப்போக வைக்கும் நோய்.

குரல் அச்சில் ஏறியது

விடுதலைக்குப் பிறகு சிவா சென்னை மயிலாப்பூரில் குடியேறினார். 1913-ல் ஞானபாநு என்ற மாத இதழைத் தொடங்கினார். கையில் காசில்லை, ஆனால் எழுதியவர்களைப் பாருங்கள். புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்த பாரதியார் எழுதினார். அவருடைய சின்னச் சங்கரன் கதை வந்தது இதில்தான். சிறையிலிருந்து வெளிவந்த வ.உ.சி.யும் எழுதினார். 1908-ல் சிதறடிக்கப்பட்ட குரல்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்த இடம் இது.

வடமொழிச் சொல் கலக்காமல் கட்டுரை எழுதுபவருக்கு 5 ரூபாய் பரிசு என்று ஞானபாநுவில் அறிவித்ததும் சிவாதான். தனித்தமிழ் பற்றிய விவாதம் சூடுபிடித்த 1915-ல் வந்த அறிவிப்பு அது. பிறகு பிரபஞ்சமித்திரன் என்ற வார இதழ். கூடவே சிறு நூல்கள், சிவாஜி, தேசிங்குராஜன் போன்ற நாடகங்கள்.

பேச்சையும் விடவில்லை. சென்னைக் கடற்கரையில் பேசினார். டிராம்வே தொழிலாளர் போராட்டத்தின்போது தொழிலாளர் பக்கம் நின்றார். நோய் முற்றிக்கொண்டே வந்தது. 1921-ல் காரைக்குடியில் பாரத ஆசிரமம் தொடங்கி, சுதந்திரானந்தர் என்ற பெயரில் துறவியாக வாழ்ந்தார். அதே ஆண்டு மறுபடியும் ராஜ துரோக வழக்கு, மறுபடியும் திருச்சி சிறை. உடல்நிலை மோசமானதால் தண்டனைக்காலம் முடியும் முன்பே வெளியே விட்டார்கள்.

ரயில் ஏறக் கூடாது

அடுத்து வந்தது இன்னும் நுட்பமான மியூட் பட்டன். தொழுநோயாளிகள் ரயிலில் பயணம் செய்ய அன்றைய ஆட்சி தடை வைத்திருந்தது. பொதுச் சுகாதாரம் என்பது காரணம். சிவாவைப் பொறுத்தவரை அதன் விளைவு வேறு. கூட்டங்களுக்குப் போகவிடாமல் அவரைத் தனியாகத் தடுக்க வேண்டிய அவசியமே அரசுக்கு இல்லை. டிக்கெட் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

சிவா நின்றுவிடவில்லை. மாட்டுவண்டியில் போனார், வண்டி கிடைக்காத இடத்தில் நடந்தார். ஆறாத புண்ணுள்ள, உணர்ச்சி மரத்த காலோடு நடந்தார். ரயிலில் ஒரு ராத்திரியில் முடியும் தூரம், வண்டியில் பல நாள். ஆனால் அந்த வழியில் ரயில் நிற்காத ஊர்கள் நிறைய இருந்தன. பெரிய ஊர்களை மட்டும் தொட்டுப்போகும் தலைவர்களைப் பார்த்திராத கிராமங்களுக்கு அவர் போய்ச் சேர்ந்தார்.

தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்க வழிசெய்த 1898-ம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. அதாவது சிவா இறந்து 90 ஆண்டுகளுக்கும் பிறகு.

ஏன் பாப்பாரப்பட்டி?

சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் வந்து வணங்க பாரத மாதாவுக்கு ஒரு கோயில் வேண்டும் என்பது சிவாவின் கடைசிக் கனவு. அதற்கு இடம் கிடைத்தது பாப்பாரப்பட்டியில். உள்ளூர் நண்பர்களின் உதவியோடு நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் என்று பெயர் வைத்தார். அப்போது தர்மபுரி தனி மாவட்டம் அல்ல. சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965-ல்தான் பிரிந்தது.

1923-ல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். தேசிய அரசியலின் உச்சத்தில் இருந்தவர் இந்தச் சிற்றூருக்கு வந்தது சின்ன விஷயம் அல்ல. கல் நட்டாயிற்று; கட்டப் பணம் வேண்டும். நிதி திரட்ட சிவா மறுபடியும் கிளம்பினார். பேசினார், நாடகம் போட்டார், ஊர் ஊராகப் போனார்.

இதே நேரத்தில் உலகில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மைக் என்ற பொருள் 1870-களின் கடைசியிலேயே டெலிபோனுக்காக உருவாகிவிட்டது. ஆனால் கூட்டத்துக்குப் பேச அது போதாது. ஒலியைப் பெரிதாக்கும் கருவி வேண்டும். 1919-ல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியாகோ நகரில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, ஒலிபெருக்கி வழியாக 50,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார். 1924-ல் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. மைக் வழியாகப் பதிவான இசைத்தட்டுகள் உலகச் சந்தைக்கு வந்தது 1925-ல்.

அந்த 1925 ஜூன் 16 அன்று சித்தரஞ்சன் தாஸ் காலமானார். ஐந்து வாரம் கழித்து, மதுரைப் பக்கமிருந்து பயணப்பட்டுப் பாப்பாரப்பட்டி வந்த சிவா, ஜூலை 23 அன்று காலமானார். வயது 40. கோயில் கட்டி முடியவில்லை. மைக் சென்னைவரை வந்துவிட்டது, வீரமுரசுக்குக் கிடைக்கவில்லை.

மைக் வந்த பிறகு என்ன மாறியது?

1930-களில் காங்கிரஸ் கூட்டங்களில் சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் வழக்கமாகிவிட்டன. தொண்டை வலு இல்லாதவர்களும் லட்சம் பேரிடம் பேச முடிந்தது. காந்தியின் மெல்லிய குரல் கூட்டத்தின் கடைசிவரை போனது அப்படித்தான். தமிழ் மேடையும் மாறியது. கத்த வேண்டியதில்லை என்றான பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசும் பாணி வந்தது.

மைக் செய்த வேலை என்ன? பேசுகிறவரின் வாய்க்கும் கேட்கிறவரின் காதுக்கும் உள்ள தூரத்தை, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள சில அங்குலமாகச் சுருக்கியது. அவ்வளவுதான். சிவா மாட்டுவண்டியில் கடந்த தூரத்தை ஒயர் கடந்தது. ஆனால் அந்தச் சில அங்குலத்தைச் சரியாக வைக்காவிட்டால் எந்தக் கருவியும் காப்பாற்றாது. இன்றைய வீடியோ காலிலும் அதே விதிதான்.

வீடியோ காலில் குரல் கேட்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

1. மியூட் எங்கே? மியூட் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மீட்டிங் ஆப்பில் ஒன்று, ஹெட்செட் ஒயரில் ஒரு பட்டன், சில லேப்டாப் கீபோர்டில் ஒரு கீ. மூன்றையும் பாருங்கள். ஆப்பில் ஆன் ஆக இருந்தாலும் கீபோர்டில் ஆஃப் என்றால் குரல் போகாது.

2. எந்த மைக்? ஹெட்செட் மாட்டியிருந்தாலும் கம்ப்யூட்டர் லேப்டாப் மைக்கையே எடுத்துக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய் இன்புட் பகுதியில் சரியான மைக்கைத் தேர்ந்தெடுங்கள். பேசும்போது அங்கே உள்ள பட்டை அசைய வேண்டும். பிறகு மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்ஸிலும் அதே மைக் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் தனித்தனி.

3. அனுமதி இருக்கிறதா? விண்டோஸில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோபோன் பகுதி. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் அதே பெயருள்ள பகுதி. பிரவுசர் வழியாகப் பேசினால் முகவரிப் பட்டையின் ஓரத்தில் உள்ள ஐகானைத் தட்டி அனுமதியைப் பாருங்கள். ஒருமுறை பிளாக் கொடுத்திருந்தால் அது நினைவில் வைத்திருக்கும்.

4. தூரத்தைக் குறையுங்கள். லேப்டாப் மைக் வாயிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். ஹெட்செட் மைக் 5 சென்டிமீட்டரில். பத்தில் ஒரு பங்கு தூரம் என்றால் குரல் 20 டெசிபல் கூடும். ஃபேன் சத்தம் கூடாது. எந்த சாப்ட்வேரும் இலவசமாகத் தராத லாபம் இது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக்காற்று அடிக்காது.

5. அப்புறம்தான் லெவல். இன்புட் லெவலை எடுத்த எடுப்பில் நூறுக்கு ஏற்றக் கூடாது. குரல் உடைந்து கரகரவென்று கேட்கும். ஃபேனும் தெருவும் சேர்ந்து பெரிதாகும். வழக்கமான குரலில் பேசும்போது பட்டை முக்கால்வாசியைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

6. எக்கோ யாரால்? உங்கள் குரலே திரும்பக் கேட்டால் தப்பு பெரும்பாலும் உங்கள் பக்கம் இல்லை. எதிர்ப்பக்கம் ஒருவரின் ஸ்பீக்கர் சத்தம் அவர் மைக்கில் விழுகிறது. அவர் ஹெட்போன் போட்டால் சரியாகிவிடும். ஒரே அறையில் இரண்டு லேப்டாப்பில் ஒரே மீட்டிங் ஓடினாலும் ஊளைச் சத்தம் வரும். ஒன்றில் ஆடியோவை முழுசாக நிறுத்துங்கள்.

7. புளூடூத் போட்டதும் தரம் குறைகிறதா? பல இயர்போன்கள் மைக்கை ஆன் செய்ததும் போன் கால் தரத்துக்கு இறங்கிவிடும். மைக்காக லேப்டாப் மைக்கையோ ஒயர் ஹெட்செட்டையோ தேர்ந்தெடுத்தால் கேட்கும் ஒலி பழையபடி ஆகும்.

8. குரல் ரோபோ மாதிரி வெட்டி வெட்டி வருகிறதா? இது பெரும்பாலும் மைக் பிரச்சினை அல்ல, இன்டர்நெட் பிரச்சினை. வீடியோவை நிறுத்திப் பாருங்கள். முடிந்தால் ரவுட்டரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். கிட்டே போவதுதான் இங்கேயும் மருந்து.

இன்டர்வியூ, கிளையன்ட் மீட்டிங் போன்ற முக்கியமான கால் என்றால் 10 நிமிடம் முன்னாலேயே ஆப்பில் உள்ள டெஸ்ட் வசதியில் உங்கள் குரலைப் பதிவு செய்து கேட்டுவிடுங்கள்.

பாப்பாரப்பட்டிக்குப் போகிறவர்கள் சிவாவின் மணிமண்டபத்தையும், அவர் கனவை ஒட்டித் தமிழக அரசு கட்டியிருக்கும் பாரத மாதா நினைவாலயத்தையும் பார்க்கலாம். அவர் பிறந்த நாள் அக்டோபர் 4. நினைவு நாள் ஜூலை 23.